மடுவத் தராசு உபுண்டுவில் தெரியவில்லை

தலவாக்கலைப் பொடியன்: மடுவக் கொட்டகையில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசை சிஎச்340 சிப் உள்ள யூஎஸ்பி வயரில் கணினியோடு மாட்டியிருக்கிறேன். உபுண்டு 22.04 இயங்குதளம் போட்டதிலிருந்து தராசின் போர்ட் ஒரு நொடி தோன்றி மறைகிறது. கணக்கப்பிள்ளை என்னையே பார்க்கிறார். டிரைவர் தனியாக இறக்க வேண்டுமா?

ஹட்டன் கடைக்காரன்: வேண்டாம் தம்பி, இந்தச் சிப்புக்கான சிஎச்341 டிரைவர் உபுண்டுவின் கருவான கேர்னலிலேயே இருக்கிறது. போர்ட்டைப் பறிப்பது பிஆர்எல்டிடிவை, பார்வையற்றோரின் பிரெய்ல் கருவிக்கான சேவை. அப்படி ஒரு கருவியிலும் இதே சிப், இதே அடையாள எண். அதனால் தராசையும் பிரெய்ல் கருவி என்றே எடுத்துக்கொள்கிறது. அந்த பிஆர்எல்டிடிவை மென்பொருள் பொதியை நீக்கிவிட்டு வயரைக் கழற்றி மாட்டுங்கள்.

பண்டாரவளை: மடுவத்துக்குச் சரி. பள்ளிக்கூடக் கணினியில் நீக்காதீர்கள், யாருக்காவது தேவைப்படும். மாட்டும் கருவிகளைக் கையாளும் யூடெவ்வில் அந்தச் சேவைக்கான விதிக் கோப்பை ஈடிசி (/etc) கோப்புறைப் பக்கம் நகலெடுத்து, அந்த எண் உள்ள வரியை மட்டும் முடக்குங்கள். அப்டேட் வந்தாலும் மாற்றம் அழியாது.

தலவாக்கலைப் பொடியன்: நீக்கினேன், வந்துவிட்டது அண்ணே! இப்போது 14.5 கிலோவை 145 என்கிறது. அதற்குத் தனியாகக் கேட்கிறேன்.