காலாவதியான டொமைனை மீட்க வழி சொல்லுங்க

நண்பர்களே, அவசரமா ஒரு உதவி. எட்டு வருஷமா நான் வெச்சிருந்த டாட் காம் டொமைன் (இணைய முகவரி) காலாவதியாகி, இப்போ 'ரிடெம்ப்ஷன் பீரியட்'னு, அதாவது பழைய உரிமையாளர் மீட்டுக்கக்கூடிய கடைசி அவகாசம்னு காட்டுது. இதுக்கு 30 நாள்தான். அப்புறம் 5 நாள் 'பெண்டிங் டெலிட்' (நீக்கத்துக்குக் காத்திருக்குற நிலை, அப்போ மீட்க முடியாது), அதுவும் முடிஞ்சா யார் வேணும்னாலும் பதிவு பண்ணிக்கலாம். மீட்க எனக்கு மிச்சம் இருக்குறது 11 நாள்.

டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கிற ஐகேன் (ICANN) அமைப்போட விதிப்படி, காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாசம் முன்னாடியும் ஒரு வாரம் முன்னாடியும் ரெஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிவு பண்ணிக் கொடுக்குற நிறுவனம்) நினைவூட்டல் அனுப்பணும். எனக்கு ஒண்ணுகூட வரல. ஸ்பேம் வரைக்கும் தேடிட்டேன். இப்போ மீட்டுக் கொடுக்க வழக்கமான கட்டணத்தைவிடப் பல மடங்கு கேக்குறாங்க. இந்த நிலையில் வேற ரெஜிஸ்ட்ராருக்கும் மாத்த முடியாது.

பணத்தைக் கட்டி மீட்டுட்டு ஐகேன்ல புகார் கொடுக்கலாமா, இல்ல முதல்லயே கொடுக்கணுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. என் வாடிக்கையாளர் மெயில் எல்லாம் அந்த முகவரிக்குத்தான் வருது.