பள்ளி வாசலில் வேகத்தடை வேண்டும், வழி சொல்லுங்கள்

தாராபுரம் பக்கம் எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியின் வாசல் நேராக மெயின் ரோட்டில் திறக்கிறது. ஜூனில் சாலையை அகலப்படுத்தியபோது வேகத்தடையை எடுத்தார்கள், திரும்பப் போடவில்லை. போன வாரம் வேன் மறைவிலிருந்து கடந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளையை பைக் இடித்து, கால் முறிந்துவிட்டது. "குழந்தைதான் குறுக்கே ஓடி வந்தது" என்கிறார் ஓட்டியவர். ஏழு வயதுப் பிள்ளை ஓடத்தான் செய்யும். பள்ளி முன்னால் வேகத்தைக் குறைக்க வேண்டியது அவர்தானே?

கிராம சபையில் தீர்மானம் போட்டோம். சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் இரண்டு முறை மனு கொடுத்தோம். பஸ் போகும் சாலையில் தடை போட முடியாது என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். ஆனால் சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் (IRC) வழிகாட்டுதலிலேயே 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரத்தில் வளைவான வேகத்தடைக்கு அளவு இருக்கிறது.

அடுத்து ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குப் போகிறோம். அந்த மனுவோடு என்னென்ன ஆவணங்கள் இணைக்க வேண்டும்?