அப்பாவும் பேரனும் சேர்ந்து பார்க்க அனிமேஷன் படம் சொல்லுங்களேன்
அம்மா போய் ஆறு மாதம் ஆகிறது. போன ஞாயிறு என் மகன் ‘அப்’ (2009) போட்டான். பலூன் கட்டிய வீடு பறக்கிற சின்னப்பிள்ளைப் படம்தானே என்று விட்டுவிட்டேன். தொடக்கத்திலேயே கார்ல் தாத்தாவின் மனைவி இறந்துவிடுகிறார். அப்பா எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன், போகவில்லை. வீடு மறுபடி எழும்ப கார்ல் சாமான்களை வெளியே தள்ளியபின் இரண்டு நாற்காலிகள் மட்டும் அருகருகே நிற்குமே, அங்கே ரிமோட்டை வாங்கி நிறுத்திவைத்துப் பார்த்தார். மறுநாள் அம்மாவின் தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டார்.

‘கோகோ’ (2017) பார்த்தாச்சு. முதுமை, பிரிவு, அப்புறம் புதிதாகத் தொடங்குவது என்று வேறு படங்கள் இருக்கின்றனவா? அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. தமிழ் டப்பிங் அல்லது வசனம் குறைந்த படம் என்றால் நல்லது. பையனுக்கு ஏழு வயது, ரொம்ப அழவைக்காமல் இருந்தால் சரி.