சூழலியல் விளையாட்டுகள் நடத்திய அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

நான் அதிகம் நடத்துவது மீன்பிடி விளையாட்டு. நடுவில் ஒரு கிண்ணம், அதில் 40 மணிகள். கிண்ணம்தான் கடல், மணிகள்தான் மீன்கள். சுற்றி நான்கு பேர். ஒவ்வொரு சுற்றிலும் விருப்பம்போல் எடுக்கலாம். மிச்சமிருப்பது இரட்டிப்பாகும், ஆனால் 40-ஐத் தாண்டாது. முதல் ஆட்டத்தில் யாரும் பேசக் கூடாது.

பெரும்பாலும் சீக்கிரமே கிண்ணம் காலியாகிவிடும். ஏன் இவ்வளவு எடுத்தீர்கள் என்று கேட்டால், சின்னவர் பெரியவர் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "நான் எடுக்கலைன்னா அடுத்தவர் எடுத்திருப்பார்." பேராசையைவிடப் பயம்தான் அதிகம்.

அப்புறம் பேச விடுவேன். உடனே கணக்குப் போடுகிறார்கள்: ஆளுக்கு 5 எடுத்தால் 20 மிஞ்சும், அது மறுபடி 40 ஆகும். மீறுபவருக்கு என்ன தண்டனை என்பதையும் அவர்களே முடிவு செய்கிறார்கள். பொதுவளங்களை மக்களே விதி வைத்துக் காக்க முடியும் என்று காட்டி 2009-இல் பொருளாதார நோபல் பெற்றவர் எலினோர் ஆஸ்ட்ரம். அவர் சொன்னதைப் பிள்ளைகள் அங்கேயே செய்துவிடுகிறார்கள்!

நியூஃபவுண்ட்லாந்துக் கடலின் காட் மீன் கதையை இதற்குப் பிறகுதான் சொல்வேன். அளவுக்கு மீறிப் பிடித்ததால் அங்கே காட் மீன் அருகிப்போனது. அதைப் பிடிக்க 1992-இல் கனடா விதித்த தடை 30 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. கிண்ணம் காலியானதைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் செய்தியாக இருப்பதில்லை.

மறுமொழி:
பிள்ளைகள் ஆளுக்கு ஓர் உயிராக நூல் பிடித்து நின்று, எது எதைத் தின்கிறது என்ற உணவு வலையைக் காட்டும் விளையாட்டில் எனக்கு ஒரு குறை உண்டு. எந்த உயிர் போனாலும் ஒரே அளவு பாதிப்பு என்பதுபோல அது காட்டிவிடுகிறது. சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் 1960-களில் கடலோரப் பாறை ஒன்றில் மட்டிகளைத் தின்னும் நட்சத்திர மீன்களை மட்டும் அகற்றிக்கொண்டே வந்தார். மட்டிகள் பாறையை மூடிக்கொண்டன, 15 இனங்கள் 8 ஆகக் குறைந்தன. இதை நாற்காலி வைத்து ஆடுகிறோம். நாற்காலிகள்தான் பாறை. நட்சத்திர மீன் இருக்கும்வரை மட்டிகளை எழுப்பிக்கொண்டே இருக்கும். அது வெளியேறியதும் மட்டிகள் பெருகி எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்துவிடும். பாசியாக நின்ற பிள்ளைகளுக்கு இடமே இருக்காது. "நாங்க என்ன தப்பு செஞ்சோம்?" என்று உண்மையாகவே கோபப்படுவார்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் பாடத்தைத் தொடங்குகிறேன்.

மறுமொழி:
நாங்கள் விங்ஸ்பான் ஆடுகிறோம். 2019-இல் வந்த பறவை அட்டை விளையாட்டு. காடு, புல்வெளி, ஈரநிலம் என மூன்று வாழிடங்கள். பறவைகளின் பெயரும் உணவும் கூட்டின் வகையும் தானாக மனத்தில் பதிகின்றன. சரி, வாழிடம் அழிந்தால்? அது ஆட்டத்தில் இல்லை. அதனால் ஒருமுறை பாதியில் ஈரநிலப் பகுதியைத் தாளால் மூடினோம். வாத்துகளுக்கு இடமில்லை. புது அட்டை எடுப்பது முக்கியமாக ஈரநிலத்தில்தான் என்பதால் காட்டுப் பறவைகளை நம்பியிருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். இப்படி விதியை மாற்றிப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.