அம்மாவின் நெஞ்சுவலிக்கு அக்குபங்சர்: மாத்திரையை விட்டுவிடலாமா?

இளமாறன் கேட்டது:

அம்மாவுக்கு 67 வயது. இரண்டு வருடமாக ஆஞ்சைனா, அதாவது இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி. மாடிப்படியில் பாதிக்கு மேல் ஏறினால் நின்றுவிடுவார். எங்கே வலி என்று கேட்டால் விரலால் காட்டமாட்டார். கையை மூடி, முஷ்டியை நடு நெஞ்சில் வைத்து அழுத்துவார். "யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்பார். இரண்டு மூன்று நிமிடம் நின்றால் போய்விடும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு இருக்கிறது, இப்போதைக்கு மருந்திலேயே சமாளிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மெட்டோப்ரோலால், ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, அவசரத்துக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின்.

போன மாதத்திலிருந்து அக்குபங்சருக்கு, அதாவது உடம்பில் மெல்லிய ஊசி குத்தும் சீன வைத்தியத்துக்கு, போகிறார். ஐந்து சிட்டிங் ஆகிவிட்டது. நன்றாகத் தூங்குகிறார், முகமே தெளிந்திருக்கிறது. போன வாரம் முழுக்க ஒரே ஒரு தடவைதான் வலி. அதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நேற்று மாத்திரை டப்பாவைத் திறந்தால் செவ்வாய், புதன் அறைகளில் மெட்டோப்ரோலால் அப்படியே கிடக்கிறது. கேட்டதற்கு, "ஊசி வேலை செய்யுது, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுடலாம்னு சொன்னாங்க" என்கிறார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அம்மாவின் மனம் கோணாமல் இதை எப்படிச் சொல்வது?

மலர்விழி (இதயப் பிரிவு செவிலியர்):

இளமாறன், முதலில் அந்த டப்பா விஷயம். மெட்டோப்ரோலால் மாதிரியான பீட்டா பிளாக்கரைச் சட்டென்று நிறுத்தவே கூடாது. அது இதயத்தின் வேகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பிடியைத் திடீரென்று விட்டால் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறி, ஆஞ்சைனா முன்பைவிட மோசமாகலாம், மாரடைப்பே வரலாம். இன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்து இரண்டு நாள் விட்டுப்போனதைச் சொல்லுங்கள். விட்டதற்கும் சேர்த்து இரட்டையாகப் போட வேண்டாம்.

அடுத்தது, அம்மாவுக்கு வருவது இப்போது நிலையான ஆஞ்சைனா. ஏறினால் வரும், நின்றால் போகும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தாலோ, முன்பைவிடக் குறைந்த வேலைக்கே வந்தாலோ, வியர்வை, மூச்சுத்திணறலோடு வந்தாலோ கதை வேறு. அந்த நேரத்தில் ஊசி போடுகிறவரிடம் போகக்கூடாது. உட்கார வைத்து நாக்கடியில் ஒரு மாத்திரை; ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் ஆம்புலன்ஸ். உட்கார வைப்பது முக்கியம், ஏனென்றால் அந்த மாத்திரை ரத்த அழுத்தத்தை இறக்கும், நின்றபடி போட்டால் மயங்கி விழலாம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சில் வலியே இல்லாமல் தாடை, முதுகு, மூச்சு என்று வருவதை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சிவநேசன்:

தம்பி, நான் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவன். 12 சிட்டிங். மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் அளவு மேலே, இரண்டு தசைநார் புடைத்து நிற்கும் இல்லையா, அதன் நடுவில் ஒரு ஊசி. நெய்குவான் என்று அந்தப் புள்ளிக்குப் பெயர். குத்தும்போது எறும்பு கடித்த மாதிரி. அப்புறம் ஊசியை மெல்லத் திருகுவார்கள், கனமாக ஒரு இழுப்பு நடுவிரல் வரைக்கும் ஓடும். அரை மணி நேரம் அசையாமல் படுத்திருப்பேன். வலி வருவது எனக்கும் குறைந்தது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2019இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ இதழில் சீனாவில் நடந்த ஆய்வு வந்தது. நிலையான ஆஞ்சைனா உள்ள 404 பேர், நான்கு வாரத்தில் 12 சிட்டிங். இதயத்துக்கு உரியது என்று சொல்லப்படும் பாதையில் ஊசி போட்டவர்களுக்கு, புள்ளியே இல்லாத இடத்தில் குத்தப்பட்டவர்களைவிட, நான்கு வாரக் கணக்கில் ஐந்து தடவை போல வலி கூடுதலாகக் குறைந்தது. எல்லோருக்கும் வழக்கமான ஆஞ்சைனா மருந்தும் உண்டு. அம்மாவிடம் இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும்: பலன் தெரிந்தது மாத்திரையோடு சேர்த்துப் போட்ட ஊசிக்கு.

இன்னொன்று. ஆஞ்சைனா மனசுக்கு ரொம்பவே கட்டுப்படும் வலி. 2017இல் இங்கிலாந்தில் 200 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு அடைத்த குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள், மீதிப் பேருக்கு வைத்தது போலச் செய்தார்கள். ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் நடக்க வைத்தால் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. அம்மாவுக்கு வலி குறைந்தது பொய் என்று சொல்லவரவில்லை. ஆனால் வலி குறைந்தது என்றால் அடைப்பு கரைந்தது என்று அர்த்தமில்லை. கொழுப்பு மாத்திரையும் ஆஸ்பிரினும் செய்கிற வேலை கண்ணுக்குத் தெரியாது, வலியில் அதை அளக்கவும் முடியாது.

மலர்விழி:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஊசி போடுபவரிடம் ஆஸ்பிரின் சாப்பிடுவதைச் சொல்லுங்கள், குத்திய இடம் கன்றிப்போகலாம். ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதாக இருக்கட்டும். கையில், காலில் போடட்டும், நெஞ்சில் ஆழமாக வேண்டாம். சிலருக்குப் பிறவியிலேயே நெஞ்செலும்பில் சின்ன ஓட்டை இருக்கும், வெளியே தெரியாது. அது வழியாக ஊசி இதயத்தைத் தொட்ட சம்பவங்கள் அபூர்வமாக நடந்திருக்கின்றன. இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி உள்ளவர்கள் என்றால் மின்சாரம் கொடுக்கிற ஊசியே வேண்டாம்.

இளமாறன்:

டாக்டரிடம் பேசிவிட்டேன். விட்டதைக் கணக்குப் பார்க்காமல் இன்றிலிருந்து வழக்கமான அளவைத் தொடரச் சொன்னார். நாளை நேரில் வரச் சொல்லியிருக்கிறார். ஊசியைத் தொடரலாமாம், கையில் மட்டும். அம்மாவிடம் "ஊசியை நிறுத்து" என்று சொல்லவில்லை. சிவநேசன் ஐயா எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அவங்க எல்லாரும் மாத்திரையும் போட்டாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் அவராகவே போய் டப்பாவை எடுத்து வந்தார்.