நடப்பில் உள்ள ஆர்01 நிதியோடு மனித ஸ்டெம் செல் வேலைக்குத் துணை நிதி கேட்பது எப்படி?

மோட்டார்_நியூரான் (கேள்வி):

வணக்கம். எங்கள் ஆய்வகத்தில் என்.ஐ.என்.டி.எஸ். (அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச்.-இன் நரம்பியல் பிரிவு) கொடுத்த ஆர்01 என்ற ஆய்வு நிதி ஒன்று ஓடுகிறது. முடிய இன்னும் 18 மாதம். ஏ.எல்.எஸ். என்ற, மோட்டார் நியூரான்கள் (தசையை இயக்கும் நரம்புச் செல்கள்) அழியும் நோயில், நியூரானின் நீண்ட இழையான ஆக்ஸான் வழியாக மைட்டோகாண்ட்ரியா நகர்வது எப்படிக் கெடுகிறது என்பதுதான் ஆய்வுப் பொருள். இரண்டாம் நோக்கம் முழுவதும் எஸ்.ஓ.டி.1-ஜி93ஏ எலிகளின் (எஸ்.ஓ.டி.1 மரபணுவில் ஏ.எல்.எஸ். பிறழ்வு கொண்டவை) மோட்டார் நியூரான்களில் நடக்கிறது. அதே அளவீட்டை மனித நியூரான்களிலும் செய்து பார்க்க, என்.ஐ.எச். தரும் நிர்வாகத் துணை நிதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று எண்ணம்.

கேட்க வேண்டியவை: இது ஏற்கெனவே ஒப்புதலான ஆய்வு வரம்புக்குள் அடங்குமா? எச்9 போன்ற கரு ஸ்டெம் செல் வரிசையை எடுப்பதா, ஐ.பி.எஸ். செல்லா (வளர்ந்த மனிதரின் செல்லைத் திருப்பி ஸ்டெம் செல்லாக்கியது)? 12 மாதத்தில் எவ்வளவு செய்ய முடியும்? மனித ஸ்டெம் செல் வளர்ப்பு எங்கள் ஆய்வகத்துக்குப் புதிது.

கிராண்ட்ஸ்_மேசை:

வரம்பு விஷயத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். நிர்வாகத் துணை நிதி ஆய்வுக் குழுவின் மதிப்பீட்டுக்குப் போகாது, நிதி தரும் நிறுவனத்துக்குள்ளேயே முடிவாகும். அங்கே உங்கள் நிதியைக் கவனிக்கும் திட்ட அதிகாரி என்ன நினைக்கிறார் என்பதே அதில் பெரிய விஷயம். அப்படி உள்ளுக்குள் முடிவெடுக்க முடிவதே, மூல விண்ணப்பத்தின் நோக்கங்களை மீறாத வேலை என்பதால்தான். புது நோக்கம் சேர்த்தாலோ ஒரு நோயிலிருந்து இன்னொரு நோய்க்குத் தாவினாலோ அது வரம்பு மாற்றம். அதற்குப் போட்டித் திருத்த விண்ணப்பம் போட வேண்டும். அது குழு மதிப்பீட்டுக்குப் போகும்.

நீங்கள் சொல்வது வரம்புக்குள் அடங்க நல்ல வாய்ப்பு இருக்கிறது: கேள்வி அதேதான், அளவீடு அதேதான், செல் மட்டும் மனிதச் செல். எழுதும்போதும் இப்படியே எழுதுங்கள். "இரண்டாம் நோக்கத்தின் இன்ன சோதனை எலியில் இன்ன முடிவைத் தந்தது, மனித நியூரானிலும் அது நிற்குமா என்று பார்க்க இவ்வளவு தேவை" என்ற ஒரு பத்தி போதும். "புதிய மனித நோய் மாதிரியை உருவாக்குவோம்" என்று தொடங்கினால் படிப்பவருக்கு வேறு திட்டமாகத்தான் தெரியும்.

எழுதத் தொடங்கும் முன் திட்ட அதிகாரிக்கு அரைப்பக்க மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் மூல நிதி எண், எந்த நோக்கத்தோடு ஒட்டுகிறது, எந்தச் செல் வரிசை, நேரடிச் செலவு எவ்வளவு, எத்தனை மாதம் என்ற ஐந்தும் இருக்கட்டும். இந்த ஆண்டு அந்த நிறுவனம் துணை நிதி கொடுக்கிறதா, உச்சவரம்பு என்ன, கடைசி நாள் எது, ஸ்டெம் செல் பற்றிய அன்றைய விதி என்ன என்று அவரிடமே கேளுங்கள். அமெரிக்க அரசின் நிதியாண்டு செப்டம்பர் 30-இல் முடிகிறது. கோடைக் கடைசியில் வந்து சேரும் விண்ணப்பத்துக்குப் பணம் மிஞ்சியிருக்கும் என்று நம்ப முடியாது.

காலக் கணக்குதான் பலரைக் கவிழ்ப்பது. துணை நிதியின் காலம் மூல நிதியின் முடிவு நாளைத் தாண்டக் கூடாது. 18 மாதம் பாக்கி என்கிறீர்கள். எழுதி, கையொப்பம் வாங்கி, முடிவு வர 4 மாதம் ஆனால் கையில் 14 மாதம்தான். செலவில்லா நீட்டிப்பு (புதுப் பணம் இல்லாமல் காலத்தை மட்டும் நீட்டுவது) வாங்கிய பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த நிலையில் விண்ணப்பத்தை ஏற்காத நிறுவனங்களும் உண்டு.

அடுத்து, செலவாகாமல் கிடக்கும் பணம். அது அந்த ஆண்டு ஒப்புதல் தொகையில் 25 சதவீதத்தைத் தாண்டுமா என்று ஆண்டு முன்னேற்ற அறிக்கையிலேயே கேட்கிறார்கள். தாண்டும் என்று எழுதிவிட்டு, அடுத்த மாதம் துணை நிதி கேட்டால் "இருப்பதை முதலில் செலவழியுங்கள்" என்பார்கள். அந்தப் பணம் எதற்கென ஒதுக்கப்பட்டது என்று ஒரு வரி நியாயம் எழுதி வையுங்கள்.

பட்ஜெட்டில் ஒன்று: இன்குபேட்டர் போன்ற கருவிகளுக்கு மறைமுகச் செலவு (பல்கலைக்கழகத்தின் பொதுச் செலவுக்கான பங்கு) விகிதம் போடக் கூடாது. கருவி, நுகர்பொருள் இரண்டையும் ஒரே வரியில் போட்டுவிட்டால் பல்கலைக்கழக நிதி அலுவலகம் திருப்பி அனுப்பும். அதில் ஒரு வாரம் போய்விடும்.

செல்_வளர்ப்பு:

செய்முறைப் பக்கத்தை நான் சொல்கிறேன். வளர்ப்பே புதிது என்றால் 12 மாதத்தில் ஒரே ஒரு சோதனையை ஒழுங்காக முடிக்கலாம். அதற்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

முதல் இரண்டு மாதம் செல் வங்கிக்கே போகும். வாங்கிய குப்பியைக் கரைத்து, ஒய்-27632 என்ற, செல் சாவைத் தடுக்கும் மருந்தை 10 மைக்ரோமோலார் அளவில் முதல் 24 மணி நேரம் வையுங்கள். அது இல்லாவிட்டால் கரைத்த செல்களில் பெரும்பகுதி ஒட்டாமலே செத்துவிடும். மேட்ரிஜெல் (செல் ஒட்டிக்கொள்ள உதவும் புரதப் பூச்சு) பூசிய தட்டு, தினமும் ஊடக மாற்றம். கிணறு 70-80 சதவீதம் நிரம்பியதும் 0.5 மில்லிமோலார் இ.டி.டி.ஏ. கொண்டு சிறு கொத்துகளாகப் பிரியுங்கள். தனித்தனிச் செல்லாக உடைத்துப் பழக்கினால் வேலை சுலபம்போலத் தெரியும். ஆனால் குரோமோசோம் பிழை கொண்ட செல்கள் மற்றவற்றை முந்திப் பெருக அதுவே வழி. 20-30 குப்பி உறைய வைத்து, அதில் ஒன்றைக் கரைத்து மைக்கோபிளாஸ்மா (பாக்டீரியாத் தொற்று), எஸ்.டி.ஆர். அடையாளம் (எந்த வரிசை என்று காட்டும் டி.என்.ஏ. சோதனை), கேரியோடைப் (குரோமோசோம் சோதனை) மூன்றும் பார்த்த பிறகே வேறுபடுத்தும் வேலையை, அதாவது ஸ்டெம் செல்லை நியூரானாக மாற்றுவதை, தொடங்குங்கள்.

கேரியோடைப்பில் ஒரு ஓட்டை இருக்கிறது. சாதாரண ஜி-பட்டைச் சோதனையில் 12, 17-ஆம் குரோமோசோம்கள் கூடியிருப்பது தெரிந்துவிடும். ஆனால் 20-ஆம் குரோமோசோமின் க்யூ11.21 பகுதி இரட்டிப்பது பெரும்பாலும் அந்தச் சோதனையின் கண்ணுக்கே எட்டாத அளவில் நடக்கும். அந்தப் பகுதியில்தான் பி.சி.எல்.2.எல்.1 மரபணு இருக்கிறது. அது கூடிய செல் எளிதில் சாகாது, அதனால் சில வாரங்களில் தட்டையே பிடித்துவிடும். செல் சாவையும் மைட்டோகாண்ட்ரியாவையும் அளக்கும் உங்களைப் போன்ற திட்டத்துக்கு இதைவிட மோசமான பிழை கிடையாது. ஜி-பட்டையோடு அந்தப் பகுதிக்கான க்யூ-பி.சி.ஆர். சோதனையையும் பட்ஜெட்டில் எழுதுங்கள், சுமார் பத்துப் பாஸேஜுக்கு (செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றும் சுற்று) ஒருமுறை.

ஊடகச் செலவைக் கணக்கிட்டுக் காட்டுங்கள்: ஆறு கிணற்றுத் தட்டில் கிணற்றுக்கு 2 மில்லி என்றால் தட்டுக்கு நாளுக்கு 12 மில்லி. நான்கு தட்டுக்கு 48 மில்லி. 500 மில்லி புட்டி பத்து நாள் வரும். வருடத்துக்கு சுமார் 35 புட்டி. வளர்ச்சிக் காரணிகள் இதில் சேரவில்லை. இப்படி எண்ணோடு எழுதிய நியாயத்தைப் பார்த்து யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

மோட்டார் நியூரானுக்கு மாற்றும் வேதிப்பொருள்கள், எல்லா அளவும் மைக்ரோமோலாரில்: எஸ்பி431542 10, எல்டிஎன்193189 0.1, சிர்99021 3. இவற்றோடு ரெட்டினாயிக் அமிலம் 1, எஸ்.ஏ.ஜி. 0.5 முதல் 1 வரை. பிற்பகுதியில் டேப்ட் 10. முதல் இரண்டு வாரத்துக்குள் ஓலிக்2 என்ற அடையாளப் புரதம் காட்டும் முன்னோடிகள் வரும், மூன்றாம் வாரவாக்கில் ஐ.எஸ்.எல்.1, எச்.பி.9 என்ற மோட்டார் நியூரான் அடையாளங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் சிர் அளவைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். கூடினால் செல்கள் மீசோடெர்ம் (தசை, எலும்பு போன்றவை உருவாகும் அடுக்கு) பக்கம் சாய்ந்துவிடும்.

இன்னொரு சங்கடம் மூன்று, நான்கு வாரத்தில் வரும். ஆக்ஸான்கள் கற்றையாகத் திரண்டு இழுக்க, தட்டின் ஓரத்திலிருந்து விரிப்பு சுருள்வதுபோல நியூரான் படலமே பெயர்ந்து மிதக்கும். மேட்ரிஜெல் மட்டும் பூசியிருந்தால் இது பெரும்பாலும் நடக்கும். பாலி-ஆர்னிதீனும் லாமினினும் பூசுங்கள். ஊடகத்தை முழுதாக உறிஞ்சாமல் எப்போதும் பாதி மட்டும் மாற்றுங்கள்.

ஒரு சுற்று, அளவீடு வரை 5-6 வாரம். தனித்தனியாகத் தொடங்கிய மூன்று சுற்றுகளாவது வேண்டும். ஒரே சுற்றின் மூன்று கிணறுகளை மூன்று என்று எண்ணக் கூடாது.

வரிசைத் தேர்வைக் கேட்டால் நான் ஐ.பி.எஸ். என்பேன். எஸ்.ஓ.டி.1 ஏ4வி பிறழ்வு கொண்ட நோயாளிச் செல்லும், அதிலேயே பிறழ்வைத் திருத்திய ஜோடியும் இருந்தால் ஒப்பீடு நேராக இருக்கும். என்.ஐ.என்.டி.எஸ். ஆதரவில் இயங்கும் செல் களஞ்சியத்தில் ஏ.எல்.எஸ். வரிசைகள் உண்டு, முதலில் அங்கே தேடுங்கள்.

பதிவேடு_வாசகர்:

ஐ.பி.எஸ். மட்டும் என்பதை நான் ஏற்கவில்லை. நோயாளிச் செல் அவசியம்தான். ஆனால் புது ஆய்வகம் நெறிமுறையைப் பழக, எப்படி நடந்துகொள்ளும் என்று பலரும் எழுதி வைத்த எச்9 போன்ற வரிசை பக்கத்தில் இருக்க வேண்டும். வேறுபடுத்தல் தோற்றால் குற்றம் செல்லிலா கையிலா என்று அதை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

எச்9 எடுத்தால் விண்ணப்பப் படிவத்தில் கரு ஸ்டெம் செல் கேள்விக்கு "ஆம்" என்று குறித்து, என்.ஐ.எச். பதிவேட்டு (அரசு நிதியில் பயன்படுத்தத் தகுதியான கரு ஸ்டெம் செல் வரிசைகளின் பட்டியல்) எண்ணைப் போட வேண்டும்: எச்9-க்கு 0062, எச்1-க்கு 0043. வரிசை முடிவாகவில்லை என்றால் பதிவேட்டிலிருந்தே எடுப்போம் என்ற கட்டத்தைக் குறிக்கலாம். பதிவேட்டில் சில வரிசைகளுக்குப் பக்கத்தில் பயன்பாட்டுக் கட்டுப்பாடு எழுதியிருக்கும், அதையும் படியுங்கள். ஐ.பி.எஸ். செல்லுக்குப் பதிவேட்டு எண் தேவையில்லை.

பதிவேட்டில் பெயர் இருப்பதும் குப்பி கையில் கிடைப்பதும் ஒன்றல்ல. 2001 ஆகஸ்ட் 9-க்கு முன் உருவானவற்றுக்கு மட்டுமே அரசு நிதி என்று அதிபர் புஷ் அறிவித்தபோது, பட்டியலில் மும்பை ரிலையன்ஸ் லைஃப் சயின்சஸின் 7 வரிசைகளும் பெங்களூரு என்.சி.பி.எஸ்.ஸின் 3 வரிசைகளும் இருந்தன. ஆனால் மொத்தப் பட்டியலிலும் ஆய்வகங்கள் உண்மையில் வாங்க முடிந்தவை இருபதை ஒட்டித்தான் நின்றன. இன்றைய பதிவேடு 2009 ஜூலையில் வந்த வழிகாட்டு நெறிகளின்படி உருவானது. 2010 ஆகஸ்ட் 23-இல் வாஷிங்டன் நீதிமன்றம் ஒன்று டிக்கி-விக்கர் சட்டப் பிரிவை (மனிதக் கருவை அழிக்கும் ஆய்வுக்கு அரசு நிதி கூடாது என்பது) காட்டி இந்த நிதியையே தடுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அடுத்த மாதம் அதை நிறுத்தி வைத்தது. அந்த இடைவெளியில் புது நிதிகள் அப்படியே நின்றன. அதனால்தான் சொல்கிறேன்: ஒரே நோக்கத்தின் கீழ் எச்9, ஐ.பி.எஸ். இரண்டையும் எழுதுங்கள். ஒன்றுக்குத் தடை வந்தால் மற்றதில் வேலை தொடரும்.

மோட்டார்_நியூரான்:

மூவருக்கும் நன்றி. ஸ்டெம் செல் மேற்பார்வைக் குழு, ஐ.ஆர்.பி. (மனிதர்கள் மீதான ஆய்வைப் பரிசீலிக்கும் குழு) ஒப்புதல்கள் விண்ணப்பத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டுமா?

கிராண்ட்ஸ்_மேசை:

விண்ணப்பத்தோடு கேட்பது அரிது. பணம் ஒதுக்கும் நேரத்தில் கேட்பார்கள், அப்போது இல்லை என்றால் தொடக்க நாள் தள்ளும். உங்களுக்குத் தள்ளிப்போட மாதம் கிடையாது. அடையாளம் நீக்கிய வரிசையை வளர்ப்பது பெரும்பாலும் மனிதர்கள் மீதான ஆய்வாகக் கருதப்படாது. அதை நீங்களே முடிவு செய்துகொள்ளாமல் ஐ.ஆர்.பி.யிடம் எழுத்தில் வாங்குங்கள். மேற்பார்வைக் குழுவுக்கும், லென்டிவைரஸ் (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் வைரஸ்) பயன்படுத்துவதாக இருந்தால் உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்கும், திட்ட அதிகாரிக்கு மின்னஞ்சல் போகும் அதே வாரத்தில் படிவம் போகட்டும். செல் வழங்கும் இடத்தோடு செய்யும் பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தையும் அன்றே தொடங்குங்கள். பல்கலைக்கழக வழக்கறிஞர் மேசையில் அதிக நாள் கிடப்பது அதுதான்.