புதுப்பிப்பு: அச்சு இயக்கியைப் பழைய பதிப்புக்கு இறக்கியது

திருகோணமலை உவர்மலையில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பின் டெபியன் (லினக்ஸ் வகை இயங்குதளம்) கணினியில், மேம்படுத்தலுக்குப் பின் தமிழ் வினாத்தாள்கள் அச்சாகவில்லை என்று சென்ற கிழமை எழுதியிருந்தேன். அச்சு இயக்கியை (அச்சுப்பொறியை இயக்கும் மென்பொருளை) மேம்படுத்தலுக்கு முந்தைய பதிப்புக்கு மாற்றியதும் அது தீர்ந்துவிட்டது.

டெபியனில் மென்பொருள்களை நிறுவும் கருவியான ஆப்ட் சேமித்து வைத்திருந்த பழைய பொதிகளை (நிறுவல் கோப்புகளை) நான் முன்பே அழித்துவிட்டதால், டெபியனின் பழைய பொதிகளைத் திகதிவாரியாகக் காக்கும் ஸ்னாப்ஷாட் களஞ்சியத்தை நாட வேண்டியிருந்தது. முதலில் இயக்கியை மட்டும் இறக்க முயன்றதே என் தவறு: அதே மூலப்பொதியிலிருந்து (மூலநிரல் தொகுப்பிலிருந்து) உருவான லைப்ரரி, அதாவது இயக்கிக்குத் தேவையான துணை நிரல் தொகுப்பு, புதிய பதிப்பிலேயே நின்றதால் சார்புகள் (ஒரு பொதிக்குத் தேவையான பிற பொதிகள்) முரண்பட்டன; இரண்டின் பெயருக்கும் பின்னால் சமக்குறியும் பதிப்பெண்ணும் இட்டு, ஒரே கட்டளையில் நிறுவியபோதுதான் ஆப்ட் இணங்கியது. மூலநிரலிலிருந்து மீளக் கட்டும்படி சிலர் சொன்ன வழி தேவைப்படவில்லை.

இரண்டும் மறுபடி மேம்படுத்தப்படாதபடி, ஆப்ட்-மார்க் ஹோல்ட் கட்டளையால் பழைய பதிப்பிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். அது பாதுகாப்புத் திருத்தங்களையும் தடுத்துவிடும் என்பதால், பழுது நீங்கிய பதிப்பு வந்தவுடன் விடுவிப்பேன். பிள்ளைகளுக்கு நேற்று மாலையே வினாத்தாள் கொடுத்துவிட்டோம்.